தோகை வைத்த திருமணக் கவுனை வீட்டிலேயே உயரம் குறைக்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். இருபது ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கை, நைட்டி, பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதும் உண்டு. ஜனவரி கடைசியில் என் மகளுக்கு மாதா கோவிலில் திருமணம். மெல்பேர்னில் இருக்கும் என் அக்கா, தன் மகள் உடுத்திய வெள்ளைக் கவுனை எங்களுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தோளும் இடுப்பும் என் மகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன. ஆனால் அக்கா மகள் 5 அடி 7 அங்குலம், என் மகள் 5 அடி 2 அங்குலம். குதிகால் செருப்பு போட்ட பிறகும் முன்பக்கம் 4 அங்குலம் தரையில் மடங்கி விழுகிறது. பின்னால் 4 அடிக்கு டிரெயின் இருக்கிறது. மேலே நெட், அதற்குள் சாட்டின், அதற்கும் உள்ளே லைனிங். நெட்டின் கீழ் ஓரம் முழுக்க நான்கு விரல் அகலத்தில் லேஸ். கவுனை உப்பலாக நிறுத்த உள்ளே உடுத்தும் கேன்கேன் பாவாடை தனியாக இருக்கிறது. சுற்றிலும் 4 அங்குலம் வெட்டிவிடலாமா? வெட்டவே வேண்டாம், உள்பக்கமாக மடித்துத் தைத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். லேஸை என்ன செய்வது? இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கடையில் கொடுக்க மனம் வரவில்லை.

அன்புச் சகோதரிக்கு,

வெளியே தையல் தெரியாமல் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கத் தெரிந்த கைக்கு இந்த வேலையும் வரும். ஏழு வாரமும் போதும். நான்கு வாரத்தில் முடித்துவிட்டு மீதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். ஆனால் சுற்றிலும் 4 அங்குலம் வெட்டுவது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

நீங்கள் டிரெயின் என்று எழுதியிருப்பதை நான் தோகை என்றே சொல்கிறேன். தோகை தரையில் இழுபடுவதற்காகவே வெட்டப்பட்ட துணி. அதன் நீளத்தை மணப்பெண்ணின் உயரம் முடிவுசெய்வதில்லை. 1981-இல் இங்கிலாந்தின் டயானா உடுத்திய கவுனுக்கு 25 அடித் தோகை இருந்தது; அவர் இன்னும் ஓர் அங்குலம் குட்டையாக இருந்திருந்தால் அந்தத் தோகையில் யாரும் கத்தரிக்கோல் வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் மகளுக்குப் பின்பக்கத்தைத் தொடாமல் விட்டால் தரையில் கிடக்கும் துணி 4 அங்குலம் கூடுதலாகத் தெரியும். அதனால் ஒரு குறையும் இல்லை. குறைய வேண்டியது முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும்தான். பக்கத் தையலைத் தாண்டியதும் அந்த 4 அங்குலம் 3 ஆகி, 2 ஆகி, ஒன்றுமில்லாமல் பழைய ஓரத்தோடு கரைந்துவிட வேண்டும். இந்த வேலையில் உண்மையாகவே கடினமான இடம் அந்தக் கரைசல் ஒன்றுதான். மற்றதெல்லாம் நீங்கள் இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிற தையல்.

அண்டை வீட்டுக்காரர் சொன்ன மடிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நேராகத் தொங்கும் பாவாடையில் 4 அங்குலத்தை உள்ளே மடித்துத் தைக்கலாம். பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடையில் நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். விரிந்த பாவாடையில் அது நடக்காது, ஏனென்றால் கீழே போகப் போகச் சுற்றளவு கூடுகிறது. முழு வட்டப் பாவாடை ஒன்றில் ஒரே ஓர் அங்குலம் மடித்தாலும், மடிப்பின் விளிம்பு அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைவிடச் சுமார் 12½ அங்குலம் நீளமாக இருக்கும். அரை வட்டமானால் அதில் பாதி. அந்த உபரித் துணி எங்கே போகும்? சுருக்கம் சுருக்கமாக நின்று, சாட்டின் வழியாகவும் நெட் வழியாகவும் புகைப்படத்தில் தெரியும். போதாக்குறைக்கு நான்கு அங்குலச் சாட்டினின் கனம் முன்பக்க ஓரத்தில் சேர்ந்து, நடக்கும்போது கணுக்காலில் அடிக்கும். ஆகவே வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு ஓரமும் மிகக் குறுகலாகவே மடிய வேண்டும்.

பார்சலில் மடிந்து வந்த கவுனை முதலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். தோள்பட்டையிலோ லேஸ் கையிலோ மாட்டாமல், உள்ளே இடுப்பருகே தைத்திருக்கும் நாடா வளையங்களில் மாட்டுங்கள். இல்லையென்றால் தோள் பகுதி இழுபட்டு நீளும். பழைய வியர்வைக் கறையோ மண்ணோ இருந்தால் இஸ்திரி போடுவதற்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். தரையில் துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு அதன்மேல்தான் எல்லா வேலையும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று இந்தத் துணியைத் தொடாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் சாதாரணக் குண்டூசி ஓரிரவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் குண்டூசியில் மிக மெல்லியதாக வாங்குங்கள், அதையும் இரவு முழுக்கச் சாட்டினில் குத்தியபடி விடாதீர்கள். சாட்டினில் ஊசித் துளை மறையாது என்பதால், வெட்டிப் போகும் பகுதியிலோ மடிப்புக்குள் மறையும் பகுதியிலோ மட்டுமே குத்துங்கள்.

இனி அளவெடுப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொன்னால்தான் இது மனத்தில் நிற்கும். ஒரு பெண்ணுக்குக் கவுனை அளவெடுத்தபோது கேன்கேன் இன்னும் வாங்கியிருக்கவில்லை. அது எவ்வளவு தூக்கிவிடப்போகிறது என்று நினைத்து, கேன்கேன் இல்லாமலேயே குறித்து வெட்டிவிட்டேன். கடைசி அளவுக்கு அவர் கேன்கேனோடு வந்து நின்றபோது முன்பக்கம் ஒன்றரை அங்குலம் மேலே ஏறி, செருப்பின் வார் வரைக்கும் வெளியே தெரிந்தது. வெட்டிய துணியை ஒட்டவைக்க வழியில்லை. இரண்டு இரவு விழித்து ஓரம் முழுக்க லேஸ் பட்டை ஒன்றைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார். என் கண்ணுக்கு அந்தப் பட்டை இன்றும் ஒட்டுப்போட்டதாகவே தெரிகிறது. ஆகவே திருமணத்தன்று போடப்போகும் அதே செருப்பு, அதே உள்ளாடை, அதே கேன்கேன் இவை மூன்றும் இல்லாமல் உங்கள் மகள் அளவுக்கு நிற்கக் கூடாது. செருப்பை இன்னும் முடிவுசெய்யவில்லை என்றால் முதலில் அதை முடிவுசெய்யுங்கள்.

அளவின்போது அவர் நேராக, கைகளைத் தொங்கவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லா மணப்பெண்களும் ஓரம் எப்படி வருகிறது என்று குனிந்து பார்ப்பார்கள். குனிந்தால் மார்பும் இடுப்பும் முன்னே சாய்ந்து முன்பக்க அளவு மாறிவிடும். எதிரே ஒரு கண்ணாடியை வைத்துவிட்டால் குனியத் தேவையிருக்காது. அவரை நாற்காலிமேலோ பலகைமேலோ ஏற்றி நிறுத்தாதீர்கள். தோகை பின்னால் தொங்கி, தன் கனத்தால் முழுப் பாவாடையையும் பின்னே இழுக்கும். முன்பக்கம் பொய்யாக உயரும். தரையிலேயே நிறுத்தி, தோகையைப் பின்னால் விசிறிபோல் விரித்துவிடுங்கள். குனிந்து வேலை செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

தரையில் துணி குவிந்து கிடக்கும்போது, தரை தொடும் இடம் எது என்று நேரடியாகக் குறிக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்பக்க உபரியை முதலில் உத்தேசமாக மடித்து, துணி தடையின்றித் தொங்கும்படி குத்திவிடுங்கள். பிறகு ஓர் அளவுகோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, தரையிலிருந்து சரியாக 10 அங்குல உயரத்தில், இடது பக்கத் தையலைத் தாண்டிய இடத்தில் தொடங்கி முன்னால் சுற்றி வலது பக்கத் தையலைத் தாண்டும்வரை, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வையுங்கள். நெட்டில் குறித்து முடித்ததும் அதைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டு சாட்டினில், பிறகு லைனிங்கில், கடைசியாகக் கேன்கேனில் என்று ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியாக அதே 10 அங்குலத்தைக் குறிக்க வேண்டும். ஓர் அடுக்கின் அளவை வைத்து மற்றதை வெட்டினால் ஏமாந்துபோவீர்கள். அடுக்குகள் ஒரே மாதிரி தொங்குவதில்லை. புள்ளிகளை இளநீல நூலால் நீளமான ஓட்டுத்தையலாக இணையுங்கள். சிவப்பு நூல் வேண்டாம், பிரித்தெடுக்கும்போது அதன் பிசிறு வெள்ளைத் துணியில் தங்கும். பெரும்பாலான மணப்பெண்களுக்கு ஒரு இடுப்பு சற்று உயரமாக இருக்கும் என்பதால் இடது பக்கத்துக்கு எடுத்த அளவை வலது பக்கத்துக்கு மடித்துக் குறிப்பதும் வேண்டாம்.

கவுனைக் கழற்றி மேசையில் பரப்பிய பிறகு இந்த நூல் கோடுதான் உங்கள் ஆதாரம். முடிந்த நிலையில் நெட் தரையிலிருந்து முக்கால் அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஆகவே நூல் கோட்டிலிருந்து 9¼ அங்குலம் கீழே நெட்டின் ஓரம். சாட்டினுக்கு 9, லைனிங்குக்கு 8, கேன்கேனுக்கு 7. உள்ளே போகப் போக ஓரம் ஏறுவதால் ஒன்றின் கீழ் ஒன்று எட்டிப் பார்க்காது, செருப்பின் குதிகாலும் லைனிங்கில் மாட்டாது.

தரைக்கும் ஓரத்துக்கும் இடையே முக்கால் அங்குலம் அதிகம் என்று உங்கள் மகள் சொல்லக்கூடும். தரையைத் தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் அழகு என்பார்கள். நடப்பதற்கு மட்டுமானால் அரை அங்குலமே போதும். ஆனால் மாதா கோவில் திருமணத்தில் அவர் நடப்பதோடு முடிவதில்லை. பீடத்தின் படி ஏற வேண்டும், தாலி கட்டிய பிறகு முழந்தாளிட வேண்டும், முழந்தாளிலிருந்து கையில் பூச்செண்டோடு எழுந்திருக்க வேண்டும். நீளமான முன்பக்கம் முழங்காலுக்கடியில் சிக்குவது அந்த எழும் நொடியில்தான். துணி முழங்காலின்கீழ் இருக்க, உடல் மேலே எழ, இடுப்புத் தையல் விடுவதையோ பெண் தடுமாறி முன்னே சாய்வதையோ நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே ஓரத்தை உத்தேசமாக மடித்துக் குத்திய நிலையிலேயே வீட்டில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி இறங்கச் சொல்லுங்கள். தலையணைமேல் முழந்தாளிட்டு எழச் சொல்லுங்கள். சிக்கினால் இன்னும் கால் அங்குலம் ஏற்றிக் குறித்துக்கொள்ளலாம். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இப்போது கரைசலுக்கு வருவோம். பக்கத் தையலில் 4 அங்குலம் குறைகிறது. அங்கிருந்து பழைய ஓரத்தின் வழியே பின்பக்கமாக 24 அங்குலம் அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கே குறைப்பு பூஜ்யம். இடையில் நேர்கோடு போட்டால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு முனை தெரியும். பக்கத் தையலில் 4, ஆறாவது அங்குலத்தில் 3½, பன்னிரண்டாவதில் 2, பதினெட்டாவதில் ½, இருபத்துநான்காவதில் ஒன்றுமில்லை என்று புள்ளிகளை வைத்து, கைக்குழி வெட்டப் பயன்படுத்தும் வளைந்த அளவுகோலால் அவற்றை இணையுங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் மெதுவாக, நடுவில் வேகமாக இறங்கும் வளைவு அது. வரைந்த கோட்டை ஒரு நீளமான காகிதத்தில் படியெடுத்து, மறுபக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டு வரைந்தால் பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு வளைவும் ஒன்றுபோல் இருக்கும். கோவில் திருமணத்தில் விருந்தினர் மணப்பெண்ணைப் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பார்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்டும் வரிசை: முதலில் லைனிங், பிறகு சாட்டின், கடைசியில் நெட். தவறு நேர்ந்தாலும் வெளியே தெரியாத அடுக்கில் நேரட்டும். ஓர் அடுக்கை வெட்டித் தைத்து, மகளுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பழைய ஓரத் தையலை வளைவு முடியும் இடத்துக்கு மேலும் மூன்று அங்குலம் பிரித்துவைத்தால்தான் புது மடிப்பு பழைய மடிப்போடு இழைந்து சேரும். சாட்டின் ஓரத்தைப் பிரிக்கும்போது உள்ளே மீன்வலை போன்ற விறைப்பான நாடா ஒன்று வரலாம். ஒரு காலத்தில் குதிரை மயிரில் நெய்தார்கள், இப்போது நைலான். பாவாடையின் விளிம்பு சுருண்டுவிடாமல் விரிந்து நிற்பது அதனால்தான். எறிந்துவிடாமல் புது ஓரத்திலும் வைத்துத் தையுங்கள். வெட்டிய நாடாவின் முனைகள் முள்ளாகக் குத்தும், நெட்டையும் கிழிக்கும். ஒன்றின்மேல் ஒன்றை அரை அங்குலம் ஏற்றி, லைனிங் துண்டால் சுற்றி மூடிவிடுங்கள்.

சாட்டினையும் லைனிங்கையும் தைக்கும் முறை ஒன்றுதான். நாடா இல்லாத ஓரத்துக்கு, முடிவுக் கோட்டிலிருந்து அரை அங்குலம் கீழே தள்ளி வெட்டுங்கள். கோட்டிலிருந்து அரைக்கால் அங்குலம், அதாவது ஒரு நூல், கீழே மெஷினில் ஒரு தையல் ஓட்டுங்கள். வளைவுப் பகுதியில் துணியின் இழை சாய்வாக ஓடுவதால் இழுத்தால் நீண்டுவிடும். அந்தத் தையல் அதைப் பிடித்து நிறுத்தும். தையல் கோட்டிலேயே உள்பக்கமாக மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி இரண்டாவது தையல். மீந்த துணியை அந்தத் தையலை உரசும் அளவுக்குக் கத்தரித்துவிட்டு இன்னொரு முறை மடித்து மூன்றாவது தையல். முடிந்த ஓரம் ஒரு நூல் அகலமே இருக்கும், வட்டத்தில் எங்கும் சுருக்கம் வராது. மேலே நெட் மூடுவதால் சாட்டினில் மெஷின் தையல் தெரியாது. நெட் இல்லாத கவுனாக இருந்தால் கடைசித் தையலை மட்டும் கையால் போடச் சொல்லியிருப்பேன். 9 அல்லது 11-ஆம் எண் புது ஊசி, பாலியெஸ்டர் நூல். ரவிக்கைக்குப் போட்டிருக்கும் 14-ஆம் எண் ஊசி சாட்டினின் இழையை அறுத்துக்கொண்டு போகும். பழைய மெஷின் மெல்லிய துணியின் தொடக்கத்தை உள்ளே விழுங்கும் வழக்கம் உடையதானால், அடியில் வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். முதலில் வெட்டியெடுத்த சாட்டின் துண்டிலேயே ஒரு முழ நீளத்துக்குத் தைத்துப் பாருங்கள். அது கவுனின் அதே துணி, அதே வளைவு.

நெட்டுக்கு ஓரத் தையல் தேவையில்லை; அது பிரியாது. நீளமான, நன்கு கூரான கத்தரிக்கோலால், முனையை முழுதாக மூடாமல் வழுக்கிக்கொண்டு வெட்டினால் பல் பல்லாக வராது. ஆனால் உங்கள் நெட்டில் லேஸ் இருக்கிறது. நீங்கள் பயந்ததும் அதைத்தான். முன்பக்கத்தில் லேஸைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும் என்பது உண்மை. தோகையைச் சுற்றிய லேஸை யாரும் தொடப்போவதில்லை என்பதும் உண்மை.

நல்ல பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து லேஸை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே பட்டையாக இருக்காது. ஒரு பூ, ஒரு இலைக்கொடி, மீண்டும் ஒரு பூ என்று திரும்பத் திரும்ப வரும். பூவின் விளிம்பிலே கனத்த நூல் ஒன்று கோடாக ஓடும். நெட்டோடு லேஸைப் பிடித்திருக்கும் தையல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கும். நெட்டின் உள்பக்கத்திலிருந்து, ஒரு தையலுக்கு ஒரு முறை என்று, அந்த நூலை மட்டும் பிரிக்க வேண்டும். மேல்பக்கத்திலிருந்து பிரிக்கப் போனால் பூவின் நூலும் சேர்ந்து அறும். ஒரு பக்கம் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து மறுபக்கம் வரை பிரித்தால் போதும். வளைவுப் பகுதியில் லேஸை வெட்டவே தேவையில்லை, தோகையோடு சேர்ந்தபடியே அதைத் தூக்கிப் புது வளைவின்மேல் படுக்கவைக்கலாம்.

முன்பக்கத்தில்தான் லேஸ் மீறும். மேலே ஏறினால் சுற்றளவு குறைகிறது என்று முன்பு சொன்னேன்; உங்களுடையது அரை வட்டப் பாவாடை அளவுக்கு விரிந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரைக்கும் 4 அங்குலம் ஏற்றும்போது லேஸ் சுமார் 6 அங்குலம் மிஞ்சும். அதைச் சுருக்கித் தைத்து மறைக்கப் பார்க்காதீர்கள். முன் மையத்தில் ஒரு பூவை நிறுத்தி, அங்கிருந்து இரு பக்கமும் குத்திக்கொண்டே போங்கள். பக்கத் தையலுக்கு வரும்போது இரு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் கூடுதலாக நிற்கும். அங்கே இலைக்கொடியில் ஒரு பூவின் விளிம்பைச் சுற்றி வெட்டி, அந்தப் பூவை அடுத்த பூவின்மேல் ஏற்றி, அடியில் மறையும் துண்டை நறுக்கிவிட்டால், கை தொங்கும் இடமாகையால் இணைப்பை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒற்றை நூலால், பூவின் விளிம்புக் கோட்டை ஒட்டி, அரிசி நீளத்துக்கு ஒரு தையல். நூலை இழுத்து முடியாதீர்கள், நெட் குழிவிழும். லேஸ் முழுதும் பிடித்து முடிந்து, மகள் போட்டு நின்று, நீங்களும் சரி என்று சொன்ன பிறகுதான் கீழே மிஞ்சியிருக்கும் நெட்டை வெட்ட வேண்டும். மணி, ஜமிக்கி வைத்த லேஸானால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு அருகிலுள்ள நூலை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு முனையில் தொடங்கி வரிசையாக உதிர்ந்துபோகும். மணிக்கு மேல் மெஷினை ஓட்டவே கூடாது.

இரண்டு மாலை நேரம் இதற்கு ஆகும். இடுப்பில் தைத்திருக்கும் பாவாடையைப் பிரித்து, மேலிருந்து 4 அங்குலத்தைக் குறைத்தால் லேஸைத் தொடவே வேண்டாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். இடுப்பில் சுருக்கம் வைத்த பாவாடைக்கு அது நல்ல வழிதான். உங்களுடையது இடுப்பில் பொருந்தி, நாம் தைக்கும் எட்டுப் பீஸ் பாவாடைபோல் கீழே விரியும் அமைப்பாக இருந்தால், 4 அங்குலம் கீழே உள்ள அகலத்தை இடுப்புக்குக் கொண்டுவர ஒவ்வொரு பீஸையும் ஒடுக்க வேண்டியிருக்கும். இப்போது அளவெடுத்ததுபோல் இருக்கும் பொருத்தம் கெடும். லேஸை ஏற்றுவதே உங்களுக்கு நல்லது.

இஸ்திரியைக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, சாட்டினின் உள்பக்கத்திலிருந்து மட்டும் வையுங்கள். தேய்க்காமல் வைத்து எடுக்க வேண்டும். நைலான் நெட்மேல் நேரடியாக வைத்தால் ஒரு நொடியில் உருகும். நெட்டைக் குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டாலே மடிப்பு விட்டுவிடும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. கோவில் முடிந்து மாலை வரவேற்பில் 4 அடித் தோகையோடு விருந்தினரிடையே நடப்பது சிரமம், யாராவது மிதிப்பார்கள். தோகையின் நடுவில் உள்பக்கமாக ஒரு நூல் வளையமும், பின் இடுப்புத் தையலில் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தானும் வைத்துவிட்டால் தோகையைத் தூக்கி மாட்டிவிடலாம். நெட்டையும் சாட்டினையும் சேர்த்துப் பிடித்து வளையத்தைத் தையுங்கள், நெட்டில் மட்டும் வைத்தால் கனம் தாங்காமல் கிழியும். ஓரக் குறைப்பு முழுதும் முடிந்த பிறகே இதன் இடத்தைக் குறிக்க வேண்டும். மாட்டிவிடுவது யார் என்பதையும் முன்பே முடிவுசெய்து, அவரை ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மணப்பெண்ணுக்குத் தன் முதுகுப்பக்கம் எட்டாது. காரில் ஏறும்போது தோகையை அடியில் போட்டு உட்காராமல் பக்கவாட்டில் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். டயானாவின் 25 அடியும் வண்டிக்குள் அடைபட்டுக் கசங்கித்தான் கோவில் வாசலில் இறங்கியது. உங்கள் கைப்பையில் வெள்ளை நூல் கோத்த ஊசி இரண்டும், ஊக்கு நான்கும் இருக்கட்டும்.